பாம்பென்றால் அடிக்கத்தான் வேண்டுமா?

என் வலது புறங்காலில் ஓர் அங்குல நீளத்தில் இரண்டு தழும்புகள் இருக்கின்றன. விடுதித் தோழியர் யாராவது கேட்டால், “சின்ன வயதில் பாம்பு கடித்தது” என்று சொல்லி வைப்பேன். அது பாதிதான் உண்மை. பாம்பின் பல் பட்ட தடம் ஒரு வாரத்திலேயே மறைந்துவிட்டது. இன்றுவரை மறையாமல் இருப்பது, என்னைக் காப்பாற்றுவதற்காகச் சவர பிளேடால் கீறிய தடம்.

2015-ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவி. யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்கு மூன்று வாரங்களே இருந்தன. பேராக் மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருந்தோம். இரவு ஒன்பது மணியளவில் குளியலறைக்குப் போனவள், கதவோரம் கிடந்த ஜப்பான் சிலிப்பரில் காலை நுழைத்தேன். சுருக்கென்று ஏதோ தைத்தது. குனிந்து பார்த்தால், பழுப்பு நிறத்தில் ஒரு சின்னப் பாம்பு சுவரோரமாக நெளிந்து போய்க்கொண்டிருந்தது.

என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தவர் அடுத்த வீட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி. மண்வெட்டிப் பிடியால் பாம்பை அடித்துக் கொன்று பிஸ்கட் டின்னில் போட்டார். பிறகு ராஃபியா கயிற்றை எடுத்து என் கெண்டைக்காலில் இறுகக் கட்டினார். “ஆடாதே பாப்பா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொல்லிக்கொண்டே கடிவாயில் இரண்டு கீறு கீறி, இரத்தத்தைப் பிழிந்து வெளியேற்றினார். யாருடைய வேனிலோ ஏற்றி, நாற்பது நிமிடப் பயணத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் கால் நாவற்பழ நிறமாகிவிட்டது. நஞ்சு ஏறிவிட்டதென்று அம்மா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார்.

மருத்துவ உதவியாளர் முதலில் கட்டை அவிழ்க்க ஏற்பாடு செய்தார். பிறகு டின்னைத் திறந்து பார்த்துவிட்டு, “இது பல்லி தின்னும் பாம்பு, நஞ்சில்லை” என்று மலாயில் சொன்னார். கால் நிறம் மாறியதற்குக் கயிறே காரணம். தையல் போட்டார்கள், ஊசி போட்டார்கள், ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். பிளேடு கீறிய புண் சீழ் பிடித்தது. காலில் கட்டோடுதான் தேர்வு எழுதினேன்.

மாமாமீது எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. அன்றைக்கு மருத்துவமனை வாசலில் அவர் சொன்னது ஒன்றுதான்: “எனக்கு இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க பாப்பா.” இக்கட்டுரையை நான் எழுதுவதற்கு அந்த ஒரு வரியே காரணம். சொல்லிக் கொடுத்ததில் எது சரி, எது தவறு என்று நாமாவது தெரிந்துகொள்ள வேண்டாமா?

கப்பலேறி வந்த பெயர்கள்

‘பாம்பென்றால் படையும் நடுங்கும்’ என்பது பழமொழி. நம் தோட்டப்புற மக்களுக்கு அந்த நடுக்கம் காரணமில்லாமல் வந்ததன்று. விடியற்காலை இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் சீவப் போனவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். மருத்துவமனையோ தொலைவில். எந்தப் பாம்பு நல்லது, எது கெட்டது என்று ஆராய அவர்களுக்கு நேரமுமில்லை, வெளிச்சமுமில்லை. கண்டதை அடித்தார்கள்.

அச்சத்தோடு கதைகளும் வந்தன. என் பாட்டி இங்கேயே பிறந்தவர். தமிழ்நாட்டைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பாம்புகளெல்லாம் தமிழ்நாட்டுப் பாம்புகளே. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவனின் சுடுகாட்டுப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். பச்சைப் பாம்பு கண்ணைக் குறிவைத்துக் கொத்துமாம். அதனால்தான் அதற்குக் கண்கொத்திப் பாம்பு என்று பெயராம். செவிப்பாம்பு தூங்குபவர் காதுக்குள் நுழையுமாம். சாரையும் நாகமும் பின்னிப் பிணையுமாம். அடிபட்டுத் தப்பிய பாம்பு பழிவாங்க வருமாம்.

இவற்றுள் ஒன்றுகூட உண்மையில்லை. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள். அவை போட்டியில் ஒன்றையொன்று கீழே அழுத்தப் பார்க்கின்றன. கொம்பேறி மூக்கன் மரத்தில் ஏறுவது பல்லியையும் ஓணானையும் தேடி. அதற்கு நம் சாவைப் பற்றிய அக்கறை சிறிதுமில்லை. பழிவாங்குவதற்கு முகத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் பாம்புக்கு இருப்பதாக எந்தச் சான்றும் இல்லை.

தமிழ்ப்பள்ளியை முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது அதே பாம்புகளை மலாய்ப் பெயர்களில் கேட்டேன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பெயர்களிலும் அறிவியல் பெயர்களிலும் படித்தேன். மூன்று பட்டியல்களும் மனத்தில் தனித்தனியாகவே கிடந்தன. இரண்டாம் ஆண்டில் உலு கோம்பாக் காட்டுக்குக் களப்பயணம் சென்றிருந்தோம். ஒரு புதரின்மேல் இளம் இலைபோல நீண்டு கிடந்த பாம்பை விரிவுரையாளர் சுட்டிக்காட்டினார். மலாய்த் தோழி “உலார் பூச்சோக்” என்றாள். என் வாயில் “கண்கொத்திப் பாம்பு!” என்று வந்தது, என்னையறியாமல் கையால் கண்ணையும் மறைத்துக்கொண்டேன். அது எங்களைப் பார்த்தபடி நாக்கை நீட்டிவிட்டு மெல்ல நகர்ந்து போயிற்று. பாட்டியின் பாம்பும் பாடநூல் பாம்பும் ஒன்றுதான் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

தலையைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

உலகில் ஏறத்தாழ 4,000 வகைப் பாம்புகள் அறியப்பட்டுள்ளன. தீபகற்ப மலேசியாவில் மட்டுமே நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மனிதனின் உயிருக்குக் கேடு செய்யக்கூடியவை இவற்றுள் சிறுபான்மையே. அந்தச் சிறுபான்மையை எப்படிப் பிரித்தறிவது என்பதில்தான் சிக்கல்.

‘முக்கோணத் தலை இருந்தால் நஞ்சுள்ளது’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விரியன் இனத்துக்கு இது பொருந்தும். ஆனால் நாகத்தின் தலை முக்கோணமன்று. கட்டுவிரியனின் தலையும் அப்படித்தான். நம் நாட்டில் மிகவும் அஞ்சத்தக்க பாம்புகள் இந்த விதிக்குள் அடங்குவதில்லை. மறுபுறம், தீங்கற்ற பாம்புகள் பல, அச்சுறுத்தப்பட்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணம்போல் காட்டும். பாவம், அந்த நடிப்பே அவற்றுக்கு எமனாகிவிடுகிறது.

‘கண்மணி பூனைக்கண்போல் நெடுக்காக இருந்தால் நஞ்சுள்ளது, வட்டமாக இருந்தால் நல்லது’ என்பது இன்னொரு விதி. நாகத்தின் கண்மணி வட்டம். நஞ்சே இல்லாத மலைப்பாம்பின் கண்மணி நெடுக்குக் கோடு. மேலும், கண்மணியைப் பார்த்துச் சொல்லும் அளவுக்குக் கிட்டே போனவர் ஏற்கெனவே தவறு செய்துவிட்டார்.

‘இரண்டு பல் தடம் இருந்தால் நஞ்சு’ என்பதும் உறுதியான அடையாளமன்று. நஞ்சுள்ள பாம்பு கடித்து ஒரே தடம் இருக்கலாம். சிறு கீறல் மட்டுமே இருக்கலாம். ‘ஓடாமல் கிடந்தால் சாது’ என்ற எண்ணமும் ஆபத்தானது. வடமாநிலங்களான பெர்லிஸ், கெடா, பினாங்கு ஆகியவற்றில் காணப்படும் மலாயா விரியன் சருகுக்குள் அசையாமல் கிடக்கும். ஆள் நெருங்கினாலும் விலகாது. மலாய்க்காரர்கள் அதை ‘காப்பாக் போடோ’, அதாவது மந்த விரியன் என்கிறார்கள். மிதித்தவருக்குத்தான் தெரியும் அதன் மந்தம் எத்தகையது என்று!

ஆக, ஒரே ஓர் அடையாளத்தைக் கொண்டு எல்லாப் பாம்புகளையும் இரண்டாகப் பிரிக்கும் குறுக்குவழி எதுவும் இல்லை. மனிதர்களைத் தெரிந்துகொள்வதுபோல் ஒவ்வொன்றாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கே கண்டோம், பகலா இரவா, தரையிலா மரத்திலா, உடல் பருமனா ஒல்லியா, கோடுகள் நீளவாக்கிலா குறுக்குவாக்கிலா ஆகிய ஐந்து கேள்விகளை எட்ட நின்றே கேட்டுப் பார்க்கலாம்.

நாம் அடிக்கடி காணும் சில பாம்புகள்

பல்லிப் பாம்பு. என்னைக் கடித்த புண்ணியவான் இதுதான். மலாயில் ‘உலார் சிசாக்’. ஏறக்குறைய அரை மீட்டர் நீளம், பழுப்பு உடலில் வெள்ளை அல்லது மஞ்சள் தூவியதுபோன்ற புள்ளிக்கோடுகள், கழுத்தில் வெளிர்நிறப் பட்டை. இரவில் பல்லி தேடி வீட்டுக்குள் வரும். தொட்டால் தயங்காமல் கடிக்கும், நஞ்சில்லை. தமிழ்நாட்டிலும் இதன் உறவுப் பாம்பைக் கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. உடல் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாக அகலமான பட்டைகள் தெரிந்தால் அது கட்டுவிரியனாக இருக்கலாம். அதே பட்டைகளோடு நஞ்சற்ற பாம்பு ஒன்றும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது வல்லுநர் வேலை. கறுப்பு வெள்ளைப் பட்டையைக் கண்டால் விலகி விடுவதே நமக்கு நல்லது. கறுப்பும் மஞ்சளுமான பட்டைகளுக்கும் இதே விதிதான்.

கொம்பேறி மூக்கன். தமிழ்நாட்டில் இப்பெயர் பெற்ற பாம்பின் நெருங்கிய உறவு இங்கே இருக்கிறது. மலாயில் ‘உலார் லிடி’. தென்னங்குச்சிபோல் ஒல்லி என்பதால் அந்தப் பெயர். முதுகு வெண்கலப் பழுப்பு, விலாவில் வெளிர்மஞ்சள் கோடு, கண்ணை ஊடுருவிச் செல்லும் கறுப்புக் கோடு, பெரிய கண்கள். சினந்து உடலை உப்பும்போது செதில்களின் இடையே நீலநிறம் எட்டிப் பார்க்கும். பகலில் வேலியோரச் செடிகளில் மின்னலாக ஓடி மறையும். நஞ்சில்லை. வளாகத்து நடைபாதைகளில் நீங்களும் இதைக் கண்டிருக்கக்கூடும்.

பச்சைப் பாம்பு. நீண்டு கூரான மூக்கு, விரல் பருமன் உடல், இளம்பச்சை நிறம். பகலில் புதர்மேல் இருக்கும். வாயின் பின்பகுதியில் உள்ள பற்களில் மெல்லிய நஞ்சு உண்டு; ஓணானுக்குப் போதும், பொதுவாக மனிதருக்குப் பெருங்கேடு செய்வதில்லை. ஆயினும் பச்சையெல்லாம் சாது என்று எண்ணிவிடாதீர்கள். பச்சை விரியன்களும் நம் காடுகளில் உண்டு. அவற்றின் உடல் தடிப்பு, தலை அகலம், கழுத்து ஒடுக்கம். கிளையில் சுருண்டு அசையாமல் கிடக்கும். பினாங்கு பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் புகழ்பெற்ற விரியன்கூட இளமையில் பச்சைதான். நீர்வீழ்ச்சிக்குப் போகும் பாதையில் ஏறும்போது பிடிமானத்துக்குக் கிளையைப் பற்றுமுன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

பறக்கும் பாம்பு. கறுப்பும் பச்சையும் கலந்த செதில்கள். முதுகில் சில வேளை செந்நிறப் பூக்கள் வரிசையாக இருக்கும். விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கி, காற்றில் நெளிந்தபடி மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும். இது எப்படிச் சறுக்குகிறது என்பதை ஜேக் சோச்சா என்ற ஆய்வாளர் 2002-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். இறக்கையே இல்லாத ஓர் உயிர் காற்றில் திசைமாற்றி இறங்குகிறது! இதன் நஞ்சும் மெல்லியதே. சிங்கப்பூர்ப் பூங்காக்களிலும் இதைக் காணலாம்.

வானவில் பாம்பு. மண்ணுக்குள் வாழ்வது, மழை பெய்த இரவில் வெளியே வரும். பார்க்கக் கரும்பழுப்பாக இருக்கும். கைவிளக்கு வெளிச்சம் பட்டால் எண்ணெய் மிதக்கும் தண்ணீர்போல் வானவில் நிறங்கள் மின்னும். நஞ்சில்லை. களப்பயணத்தில் நான் கண்டவற்றுள் இதைப்போல் அழகானது வேறில்லை.

செவிப்பாம்பு. பூந்தொட்டியைத் தூக்கினால் கறுத்த மண்புழுபோல் ஒன்று துள்ளி நெளிகிறதா? உற்றுப் பாருங்கள். மண்புழுவுக்குரிய வளையங்கள் இல்லாமல் பளபளவென்று இருந்து, நுண்ணிய நாக்கையும் நீட்டினால் அது பாம்பு. ஒரு சாண் நீளம்கூட இராது. எறும்பு, கரையான் ஆகியவற்றின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்று வாழும். காதுக்குள் நுழையும் வேலை அதற்கு இல்லை. இதில் ஒரு வியப்பு: இந்த இனத்தில் அனைத்தும் பெண்களே. ஆண் துணையின்றியே இனம் பெருக்கும். அதனால்தான் தொட்டிமண்ணோடு ஒரே ஒரு பாம்பு பயணம் செய்தாலும் போகும் நாட்டில் குடும்பம் உண்டாகிவிடுகிறது. நம் முன்னோரைப்போல் இதுவும் ஊர்விட்டு ஊர் வந்த உயிர்தான்.

இருதலைப் பாம்பு. இரண்டு தலை கிடையாது. தொந்தரவு செய்தால் தலையை உடலுக்கடியில் மறைத்து, செந்நிற வாலைத் தூக்கித் தலைபோல் ஆட்டும். நஞ்சில்லை. ஆனால் நஞ்சுமிக்க பவளப் பாம்புகளும் சிவந்த வாலைத் தூக்கிக் காட்டும் வழக்கமுடையவை. ஆகவே, வாலைத் தூக்கிக் காட்டும் எந்தப் பாம்பையும் தள்ளி நின்றே பாருங்கள்.

நஞ்சற்றது வேறு, தீங்கற்றது வேறு

இவ்விரு சொற்களையும் நாம் ஒன்றாகவே பயன்படுத்துகிறோம். மலைப்பாம்புக்கு நஞ்சில்லை, ஆனால் முழு வளர்ச்சியடைந்த மலைப்பாம்பைத் தீங்கற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இந்தோனேசியாவின் சுலாவெசி வட்டாரத்தில் 2017-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் மனிதர்களையே விழுங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. கால்வாயில் கிடக்கும் குட்டிகூட ஆழமாகக் கடித்துக் கிழித்துவிடும்.

இன்னொன்று, அறிவியலாளர்களுக்கே பாடம் கற்பித்த பாம்பு. கழுத்தில் செந்நிறம் கொண்ட அந்தப் பாம்பு நெடுங்காலம் தீங்கற்றதென்றே கருதப்பட்டது, செல்லப்பிராணியாகக்கூட வளர்த்தார்கள். பிறகு, கடிபட்டவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மை கெட்டு, உயிருக்கே ஆபத்தாக முடிந்த நிகழ்வுகள் தெரியவந்தன. இப்பாம்பு நம் தென்கிழக்காசியாவுக்குரியது. எனவே, “இது ஒன்றும் செய்யாது” என்று கையில் எடுத்துப் படம் பிடிப்பது அறிவுடைமை ஆகாது. அடையாளம் கண்டுகொள்வது அடிக்காமல் விடுவதற்காகத்தான், பிடித்து விளையாடுவதற்காக அன்று.

எதிரே கண்டால் என்ன செய்வது?

முதலில் நில்லுங்கள். பிறகு மெல்லப் பின்னால் நகருங்கள். இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி இருந்தால் பெரும்பாலும் அது தன் வழியே போய்விடும். மலையேறும்போது மூடிய காலணி அணியுங்கள். இரவில் கைவிளக்கு இல்லாமல் நடக்காதீர்கள். கட்டையைத் தாண்டுமுன் அதற்கு அப்பால் என்ன இருக்கிறதென்று பாருங்கள். விடுதியில் காலணியை மாட்டுமுன் தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்!

வீட்டுக்குள் பாம்பு வந்தால் பிள்ளைகளையும் பூனை நாயையும் அப்புறப்படுத்தி, அது இருக்கும் அறைக் கதவை மூடி, இடுக்கைத் துணியால் அடைத்துவிட்டு 999 எண்ணுக்கு அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினரோ தீயணைப்பு மீட்புத் துறையினரோ வந்து பிடித்துச் செல்வார்கள். வீட்டைச் சுற்றி உப்பும் கந்தகப் பொடியும் தூவுவதை நம்பியிருக்க வேண்டாம். எலி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், புல்லை வெட்டுவதும், சுவரில் உள்ள ஓட்டைகளை அடைப்பதும் உண்மையில் பலன் தரும்.

கடித்துவிட்டால், நஞ்சுள்ளதா இல்லையா என்ற விவாதமே வேண்டாம். கடித்தது தீங்கற்ற பாம்பு என்று நீங்கள் நினைத்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். கயிறு கட்டாதீர்கள், இரத்த ஓட்டம் நின்று உறுப்பே கெட்டுப்போகலாம். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், மருந்து, மஞ்சள், பச்சிலை எதையும் அப்பாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல், கடிபட்ட உறுப்பை ஆடாமல் வைத்திருங்கள். வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள். நாகம் கண்ணில் நஞ்சைப் பீய்ச்சியிருந்தால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள்.

பாம்பை அடித்து டின்னில் எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. தலை துண்டான பாம்புகூடச் சிறிது நேரம் அனிச்சையாகக் கடிக்கும். எட்ட நின்று கைப்பேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் போதும். முடியாவிட்டால் நிறத்தையும் கோடுகளையும் நினைவில் வைத்துச் சொல்லுங்கள். உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 138,000 பேர்வரை பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2017-ஆம் ஆண்டில் பாம்பு நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலிலும் சேர்த்தது. இறப்பவர்களில் பெரும்பாலோர் வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் ஏழைகள். மருத்துவமனைக்குப் போகத் தாமதமாவது அந்த இறப்புகளுக்கு ஒரு பெருங்காரணம். கயிறு கட்டவும் பிளேடு தேடவும் செலவிடும் நேரமும் அந்தத் தாமதத்தில் அடங்கும்.

அதையும் வாழ விடுவோம்

செம்பனைத் தோட்டத்தில் பழக்குலைகளைக் கடித்து நாசமாக்குபவை எலிகள். அவற்றைக் கட்டுப்படுத்தத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூண்டு வைத்து வளர்க்கிறார்கள். சம்பளமும் கூண்டும் இல்லாமல் அதே வேலையைப் பாம்புகள் செய்கின்றன. எலி பெருகினால் பயிர் மட்டுமா கெடுகிறது? அதன் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் உடன் வருகிறது. நாம் அடித்துக் கொல்லும் ஒவ்வொரு சாரைக்கும் எலிகள் நமக்கு நன்றி சொல்லும்.

சட்டமும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மலைப்பாம்பு போன்றவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். அனுமதியின்றி அவற்றை வேட்டையாடுவதோ வைத்திருப்பதோ குற்றமாகும்.

நண்பர்களே, நம்மில் பலர் தோட்டத்திலிருந்தோ தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்திலிருந்தோ இப்பல்கலைக்கழகத்துக்கு வந்தவர்கள். இங்கே நாம் படிப்பது ஆங்கிலத்திலும் மலாயிலும். அதை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் தமிழில்தான் சொல்ல வேண்டும். ‘கயிறு கட்டாதே, கீறாதே, உடனே மருத்துவமனைக்குப் போ’ என்ற செய்தியை அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒருவருக்காவது சொல்லிவிடுங்கள். அதைச் சொல்வதற்கு உயிரியல் பட்டம் தேவையில்லை.

சென்ற மாதம் ஓரிரவு அம்மாவிடமிருந்து புலனத்தில் ஒரு படம் வந்தது. சலவை இயந்திரத்துக்கு அடியில் ஒரு வால். மங்கலான படம். வெளிர்நிறக் கோடுகள் தெரிந்தன. பட்டையா புள்ளியா என்று எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தும் புரியவில்லை. இவ்வளவு படித்தும் என்னால் சொல்ல முடியவில்லை. “தெரியலைம்மா. கதவைச் சாத்திட்டு 999க்கு அடிங்க” என்றேன். பக்கத்தில் மாமாவின் குரல் கேட்டது. கையில் கட்டையோடுதான் நின்றிருக்கிறார். “பாப்பா, அடிக்கவா வேணாமா?”

“வேணாம் மாமா.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு கட்டையைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. அரைமணி நேரத்தில் பொதுத் தற்காப்புப் படையினர் வந்து அதைச் சாக்கில் போட்டு எடுத்துப்போனார்களாம். என்ன பாம்பு என்று கேட்டேன். பாம்பைப் பிடித்த பரபரப்பில் அதைக் கேட்க மறந்துவிட்டதாக மாமா சொன்னார்.